ஆழியன் செத்த மாதம்

ஜூன் 5, திங்கள்

சித்திரையில் இந்த நாட்குறிப்பைத் தொடங்கி, மூன்று நாள் எழுதிவிட்டு மூடி வைத்திருந்தேன். இன்று ஆத்திரத்தில் மறுபடி எடுத்திருக்கிறேன். அலுவலகத்தில் கத்த முடியாது. வீட்டில் கத்தினால் கேட்க ஆளில்லை.

காலையில் எங்கள் காமிக்ஸின் முகநூல் பக்கத்தில் அறிவிப்பைப் போட்டேன். "450ஆவது இதழில் ஆழியன் இறக்கிறான். அவன் முகமூடியை இனி மருதி அணிவாள்." அவ்வளவுதான். மதியச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் பக்கம் பற்றி எரிந்தது.

ஆழியன் எங்கள் ஊர் வீரன். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் பிறந்தவன், கை அசைத்தால் தண்ணீர் எழுந்து நிற்கும், நீல முகமூடி. நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்து மாதா மாதம் திருநெல்வேலியிலிருந்து வருகிறான். மருதி அவனுக்குக் கூட்டாளி. பல வருடங்களாக அவனுக்கு வரைபடம் எடுத்துக் கொடுப்பதும், அடிபட்டு வந்தால் கட்டுப்போடுவதுமாக இருந்தவள். அவள் ஒரு தடவை முன்னால் வந்து நின்றால் உலகம் கவிழ்ந்துவிடுமாம்.

"சமையல்கட்டுக்காரி கையில் முகமூடியா?" இது இன்று வந்தவற்றில் மரியாதையானது.

நான் துணை ஆசிரியர். பிழை திருத்துவது, முகநூலைப் பார்த்துக்கொள்வது, 'கரையோரம்' என்ற வாசகர் கடிதப் பக்கத்தைத் தொகுப்பது எல்லாம் நான்தான். ஆக, இந்தச் சாக்கடை என் வாசலில்தான் ஓடும்.

ஜூன் 7, புதன்

அழித்தேன். மறுபடி வந்தது. மறுபடி அழித்தேன். எனக்கென்று வந்தவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

காஸ் தீர்ந்துவிட்டது. ரசமும் இல்லை, ஒன்றும் இல்லை. ரொட்டி.

ஜூன் 10, சனி

இன்று கொஞ்சம் மனிதரைப் பார்த்தேன்.

கோமதிநாயகம் அண்ணாச்சி அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தார். அங்கே இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். ஆழியன் வாசகர் மன்றத்துக்கு அவர்தான் தலைவர். முதல் இதழிலிருந்து எல்லாம் அவரிடம் இருக்கிறது, ஒவ்வொன்றும் கண்ணாடித் தாள் உறைக்குள். எங்களிடமே இல்லாத பழைய இதழை அவரிடம்தான் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்வோம். அம்மா இறந்தபோது பதினாறாம் நாள் வரை தினமும் போன் செய்தவர் அவர் ஒருவர்தான். என் சொந்தத் தம்பி சென்னையிலிருந்து இரண்டு தடவை செய்தான்.

வழக்கம்போல் தினத்தாளில் சுற்றிய முருங்கைக்காய்க் கட்டு. "வீட்டுல பறிச்சுக் குடுத்தாங்க, தங்கச்சி." அவர் மனைவியை நான் பார்த்ததில்லை. முருங்கைக்காயாக மட்டும் தெரியும்.

"என்னம்மா, மூஞ்சி இப்படிக் கெடக்கு? சாப்புட்டியா?"

"படிச்சியளா அண்ணாச்சி, என்னவெல்லாம் எழுதுதாங்கன்னு?"

"சின்னப் பயலுவ. விடு. எனக்கும் ஆழியன் சாவுறதுல மனசு ஒப்பலதான். ஆனா அந்தக் கதை இருக்கே, போன இதழ்ல கடைசி நாலு பக்கம்! எழுதுன கை யாருதுன்னு தெரிஞ்சா கும்புட்டுருவேன்."

கதாசிரியர் பெயரை நாங்கள் போடுவதில்லை. 'ஆழியன் குழு' என்றுதான் அச்சாகும். எழுதுகிறவர் அரசு வேலையில் இருப்பதால் அவரே கேட்டுக்கொண்டது. அண்ணாச்சி அப்படிச் சொன்னதும் எனக்கு யாரோ என்னையே பாராட்டியது போல் இருந்தது. பேசிக்கொண்டே இருந்தோம். இரண்டு முறை காபி குடித்தோம். கதையை எழுதுவது ஹெலன், பாளையங்கோட்டையில் தபால் அலுவலகத்தில் இருக்கிறாள், வீட்டுக்காரர் தவறிப்போய்விட்டார், ஒரு பெண் பிள்ளை, மருதி என்ற பெயரே அந்தக் குட்டி வைத்ததுதான் என்று எல்லாமே பேச்சோடு பேச்சாக வந்தது.

"பொம்பளையா!" என்றார் அண்ணாச்சி. ஆச்சரியத்தில் வாய் திறந்துவிட்டது. பிறகு சிரித்தார். "நல்லது, நல்லது."

நல்ல மனிதர். சாம்பாரில் நாளைக்கு முருங்கைக்காய் போட வேண்டும்.

ஜூன் 13, செவ்வாய்

அலுவலகச் சுவரில் 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர். ஆழியனின் படம், தோற்றம், மறைவு, "இவண்: துயருறும் ரசிகர்கள்". கடைக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் பதிப்பாளர் பிரம்மநாயகம் சார் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். "இதான்மா விளம்பரம். காசு குடுத்தாலும் கெடைக்காது."

ஜூன் 16, வெள்ளி

'கடல்நாகம்' என்ற பெயரில் ஒருவன் புதிதாக வந்திருக்கிறான். கடல்நாகம் எங்கள் கதையின் வில்லன். படத்துக்குப் பதில் அந்த வில்லனின் பச்சை முகம்.

இவன் சின்னப் பயல்களைப் போல் இல்லை. வாக்கியம் ஒழுங்காக எழுதுகிறான். ஒற்றுப் பிழை கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "இத்தனை வருடம் நாம் கும்பிட்ட வீரனைக் கொல்வது யார் தெரியுமா? தபால் தலைக்குப் பின்னால் எச்சில் தடவும் ஒருத்தி" என்று தொடங்கி, ஹெலனின் பெயரை முழுதாகப் போட்டுவிட்டான். எந்தத் தபால் அலுவலகம் என்பதையும்.

ஒரு படம் பிடித்து வைத்துக்கொண்டு உடனே அழித்தேன். பிரயோசனமில்லை. அதற்குள் எத்தனையோ பேர் படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள்.

யார் சொல்லியிருப்பார்கள்? ஓவியர் வீட்டில் யாராவது இருக்கும். அச்சகத்திலும் வாய் நீளமானவர்கள் இருக்கிறார்கள்.

ஜூன் 19, திங்கள்

இன்னொரு கண்ணீர் அஞ்சலி. இந்த முறை சுவரில் இல்லை, வாட்ஸப்பில். ஆழியன் படம் இருந்த இடத்தில் ஹெலன் படம். ஏதோ ஆலய விழாவில் எடுத்தது, வெள்ளைப் புடவையில் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

யாரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை. ஆனால் அதன் கீழே சிரிக்கும் பொம்மைகள் வரிசை வரிசையாகக் கிடந்தன.

பிரம்மநாயகம் சார் சொன்னது: "ரெண்டு நாள்ல அடங்கிரும். புக்கிங் பாத்தியா? இதுவர இப்படி வந்ததே இல்ல."

ஜூன் 20, செவ்வாய்

வாசல் தாழ்ப்பாளை ஆசாரியைக் கூப்பிட்டு மாற்றினேன். பழையது ரொம்ப நாளாகவே ஆடிக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

ஜூன் 22, வியாழன்

அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு ஹெலனைப் பார்க்கப் போனேன். ஸ்பீடு போஸ்ட் கவுன்டரில் உட்கார்ந்திருந்தாள். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களுமாக்கா? காலையிலேர்ந்து ஆழியன் பேருக்கு மூணு பேரு தபால் போட வந்துட்டானுவ. முகவரி, 'சொர்க்கம்'. பின்கோடு எழுதிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன்."

அவள் அப்படித்தான். பிறகு வெளியே வேப்பமரத்தடியில் டீ குடித்தோம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"போலீஸ் ஸ்டேஷன்ல போய்ச் சொன்னேன். 'பொம்ம புக்குக்கா இவ்வளவு?'ன்னு கேக்காரு. அடுத்தவரு, 'நீங்க ஏம்மா அவனைக் கொன்னிய?'ங்காரு. சிரிச்சிக்கிட்டே கேக்காரு."

"உனக்குக் கோவம் வரலியா?"

"வராமயா? பதினோரு வருசமா எழுதுதேன். அவனுவ கைதட்டுன அத்தனை கதையும் நான் எழுதுனது. கோரம்பள்ளம் வெள்ளத்துல ஆழியன் அழுவானே, அதைப் படிச்சு அழுதோம்னு எத்தனை கடிதம் வந்துச்சு? நீங்கதானே எனக்கு எடுத்துக் குடுத்தீய. அப்பல்லாம் நான் ஆம்பளன்னு நெனச்சிருக்கானுவ. அதான் அழுதிருக்கானுவ."

ஒரு சொட்டுத் தேநீர் புடவையில் சிந்தியது. துடைக்கவில்லை.

"யாருக்கா சொல்லியிருப்பா என் பேரை?"

"தெரியல" என்றேன். "விசாரிக்கேன்."

ஜூன் 26, திங்கள்

கடல்நாகம் மறுபடி. நீளமாக எழுதியிருக்கிறான், அந்தப் பழைய 'சமையல்கட்டுக்காரி'யும் உண்டு. ஹெலனின் கணவர் ஏன் இறந்தார் என்று அவனுக்கு இப்போது புரிகிறதாம். அதன் பிறகு இது:

"மருதி என்று பெயர் வைத்த அந்தக் குட்டிக்கும் சொல்லி வை. எந்த வேனில் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று எங்களுக்குத் தெரியும்."

திரும்பத் திரும்பப் படித்தேன். தவறாகப் படித்துவிட்டேனோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். அந்தப் பெயரைப் பிள்ளை வைத்தது ஓவியருக்குத் தெரியாது. அச்சகத்துக்குத் தெரியாது. பிரம்மநாயகம் சாருக்கே தெரியாது. ஹெலன் எனக்கு மட்டும் சொன்னது அது.

நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 27, செவ்வாய்

போன் செய்தேன். கடையில் இருந்தார். பின்னால் கம்பி இறக்கும் சத்தம்.

"அண்ணாச்சி, கடல்நாகம் நீங்களா?"

 கம்பி இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு சிரித்தார். என் பதினாறு நாள் துக்கத்திலும் கேட்ட அதே இதமான சிரிப்பு.

"கண்டுபுடிச்சிட்டியா? கெட்டிக்காரிதான் நீ."

"பச்சப்புள்ளைய அண்ணாச்சி. பச்சப்புள்ளையச் சொல்லியிருக்கீய."

"சும்மா ஒரு பயம் காட்டுததும்மா. வில்லன் பேருல வில்லன் மாதிரித்தானே பேசணும்? நான் என்ன போயி வேனையா மறிக்கப் போறேன்? எனக்கும் பேத்தி இருக்கு."

"அவ வீட்டுக்காரர் செத்ததை எதுக்கு எழுதினிய?"

"இங்க பாரு தங்கச்சி. ஆழியன் எனக்கு யாருன்னு உனக்குத் தெரியும். எங்கப்பா அடிச்ச அடியில நான் ஓடிப் போயி ஒளிஞ்சு படிச்சது அவனை. அவனை ஒரு பொம்பள, அதுவும் கவுன்டர்ல இருக்கவ, ஒரு பேனாவ வச்சுக்கிட்டுக் கொல்லுவா, நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? உன்னைச் சொல்லலையே நான். நம்ம வீட்டுப் பொம்பளைங்களச் சொல்லலையே."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் குரல் மாறவே இல்லை.

"நீதானேம்மா எனக்குச் சொன்ன."

வைத்துவிட்டேன். சற்று நேரத்தில் வாட்ஸப் வந்தது: "தங்கச்சி, கோவப்படாதே. நாகத்தோட கமெண்டை மட்டும் அழிக்காதேம்மா. நல்லா லைக் விழுது."

ஜூன் 28, புதன்

எழுத ஒன்றுமில்லை. காய்ந்து கிடந்த மீதி முருங்கைக்காயைக் குப்பையில் போட்டேன்.

ஜூன் 30, வெள்ளி

பிரம்மநாயகம் சாரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். கமெண்டுகள், வாட்ஸப், எல்லாம். அவர் படித்தார். முகம் சுளித்தார். அது வரைக்கும் அவர் மேல் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

"சே. இப்படியா எழுதுவாரு?" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். "சரி, நான் பேசுதேன் அவருட்ட. நீ இதை யாருட்டயும் காட்டாத."

"மன்றத் தலைவர் பொறுப்புலேர்ந்து எடுக்கணும் சார். 450 வெளியீட்டு விழாவுல அவரு கையால முதல் பிரதி வெளியிடக் கூடாது."

"வடிவு, வெளயாடுதியா? விழா மண்டபமே அவரு புடிச்சுக் குடுத்தது. நூறு பேரு அவரு சொன்னா வருவான், வராதன்னா வரமாட்டான்."

"ஹெலனுக்கு நாம என்ன பதில் சொல்ல?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "நானே அவங்களுக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன். ஆழியனை 451ல உயிரோட கொண்டு வந்துரச் சொல்லலாம்னு. கனவு, மாறுவேசம், ஏதாவது. மருதி பழையபடி கட்டுப்போடட்டும்."

நான் எழுந்து வந்து என் மேசையில் உட்கார்ந்தேன். ஒரு பக்கத்துக்குப் பிழை திருத்தினேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

ஜூலை 3, திங்கள்

நேற்று ஆனித் தேர். தெரு முழுக்கக் கூட்டம், பேருந்து கிடைக்கவில்லை. இன்று மாலைதான் ஹெலன் வீட்டுக்குப் போக முடிந்தது. பிள்ளை ஜெனிபா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது வேனில் போவதில்லை. ஹெலனே கொண்டுபோய் விடுகிறாள், கூட்டி வருகிறாள்.

"உங்க மொதலாளி போன் பண்ணாருக்கா. ஆழியனை எழுப்பணுமாம். நீங்களே எழுப்பிக்கோங்கன்னுட்டேன். இனிமே எழுத மாட்டேன்."

பிள்ளையை உள்ளே போகச் சொன்னேன். பிறகு சொன்னேன். அண்ணாச்சியைப் பற்றி, முருங்கைக்காயைப் பற்றி, காபியைப் பற்றி. நான் வாய் விட்டதைப் பற்றி.

ஹெலன் எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

"உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன்" என்றாள், திரும்பாமல்.

"தெரியும்."

"மன்னிச்சுட்டேன்னு சொல்லுவேன்னு பாக்காதீய. இப்போதைக்கு வராது."

"அதுக்கு வரல ஹெலன். ஒண்ணு கேக்க வந்தேன்." கரையோரம் பக்கத்தைப் பற்றிக் கேட்டேன்.

குழாயை மூடினாள்.  அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவருமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பிள்ளைய பத்தின வரிய எடுத்துருங்க" என்றாள். "பாக்கியப் போடுங்க. என்னைச் சொன்னது, என் வீட்டுக்காரரைச் சொன்னது, எல்லாத்தையும். ஒரு எழுத்து மாத்தக் கூடாது."

ஜூலை 6, வியாழன்

450ஆவது இதழின் எல்லாப் பக்கத்திலும் அச்சுக்கு ஒப்புதலாகப் பிரம்மநாயகம் சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். கடிதப் பக்கத்தை அவர் என்றைக்கும் படித்ததில்லை. இன்றும் படிக்கவில்லை.

'கரையோரம்' பக்கத்தில் எப்போதும் ஆறேழு கடிதம் வரும். இந்த முறை ஒன்றே ஒன்று. கடல்நாகம் எழுதியவற்றைத் தேதி வரிசையில் வைத்தேன். பிள்ளையைப் பற்றிய வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "இங்கே ஒரு குழந்தைக்கு விடப்பட்ட மிரட்டல் நீக்கப்பட்டுள்ளது" என்று போட்டேன். கீழே, எங்கள் வழக்கப்படி, எழுதியவரின் பெயரும் ஊரும்:

ஆ. கோமதிநாயகம், தலைவர், ஆழியன் வாசகர் மன்றம், அம்பாசமுத்திரம்.

ஆசிரியர் பதில் போடும் கட்டத்தில் நான் இரண்டு வரி எழுதினேன். "இந்தக் கதையையும், நீங்கள் அழுத முந்தைய கதைகளையும் எழுதியவர் ஹெலன் பாக்கியசீலி. கடிதத்தை அனுப்பியவர் தன் பெயரைப் போட மறந்துவிட்டார், நாங்கள் போட்டிருக்கிறோம்."

பிழை பார்த்தேன். ஒன்றும் இல்லை. முன்னமே எழுதியிருக்கிறேனே, ஒற்றுப் பிழை செய்யாத மனிதர்.

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.  

ஜூலை 11, செவ்வாய்

சாப்பாடு இறங்கவில்லை. வெயில்.

ஜூலை 15, சனி

விழா.

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் கீழ்க் கூடம். வாசலில் வாழைமரம், உள்ளே ஆழியனின் ஆளுயர அட்டை. நீல முகமூடி மாட்டிக்கொண்டு ஏழெட்டு இளைஞர்கள். கோயம்புத்தூரிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் ஆட்கள். பெண்கள் என்று எண்ணினால் நானும், யாரோ ஒருவரோடு வந்த மனைவியும். அச்சகத்திலிருந்து பெட்டிகள் நேராக மண்டபத்துக்கு வந்திறங்கின. வாசலிலேயே பிரதிகளைக் கொடுக்கச் சொல்லியிருந்தார் பிரம்மநாயகம் சார். வாங்கியவர்கள் முதலில் அட்டையைத் தடவினார்கள், முகர்ந்து பார்த்தார்கள், யாரும் பிரிக்கவில்லை. மேடையில் வெளியிட்ட பிறகுதான் பிரிப்பது மன்றத்து மரபு.

அண்ணாச்சி ரோஜாப்பூ நிறச் சட்டையில் வந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். ஒன்றுமே நடக்காதது போல.

நாடாவை அவிழ்த்து முதல் பிரதியை உயர்த்திக் காட்டினார். கைதட்டல். மைக்கைப் பிடித்தார்.

"ஆழியன் எனக்குச் சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணு. பலம் இருக்கவன் எளியவங்க மேல கை ஓங்கப்படாது…"

கீழே பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். நான் பின்வரிசையில் நின்றேன். எல்லோரும் முதலில் கடைசிப் பக்கங்களுக்குத்தான் போனார்கள், ஆழியன் சாவதைப் பார்க்க. அதற்கு அடுத்த பக்கம்தான் கரையோரம். ஒருவன் நின்றான். பக்கத்தில் இருப்பவனிடம் காட்டினான். அவன் தன் பிரதியைப் புரட்டினான். அங்கங்கே தலைகள் குனிந்தன. பேச்சு போய்க்கொண்டே இருந்தது, கைதட்ட வேண்டிய இடங்களில் யாரும் கைதட்டவில்லை. அவருக்கு அது புரியவில்லை. குரலை உயர்த்தினார்.

முகமூடிக்காரப் பையன்களில் ஒருவன் எழுந்தான். முகமூடியைக் கழற்றினான். தாடி கூடச் சரியாக முளைக்காத முகம்.

"அண்ணாச்சி, இது நீங்க எழுதினதா?"

"எதுப்பா?"

"கடிதப் பக்கம்."

கையிலிருந்த பிரதியைப் புரட்டினார். படித்தார். முழுதாகப் படித்தார் என்று நினைக்கிறேன், அவ்வளவு நேரம் எடுத்தது. பிறகு நிமிர்ந்து கூடத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"தங்கச்சி" என்றார்.

அவ்வளவுதான். மைக் போட்டிருந்ததால் அது வாசல் வாழைமரம் வரைக்கும் கேட்டிருக்கும். நான் அசையவில்லை. என்னை அப்படிக் கூப்பிட அவருக்கு இனி உரிமை இல்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. 

ஜூலை 17, திங்கள்

வேலை போய்விட்டது. பிரம்மநாயகம் சார் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "என் இதழை வச்சு என்னையே அறுத்துட்டியே" என்றார். "உங்க இதழை வச்சு அவரு ஹெலனை அறுத்தப்ப எங்க இருந்தீய?" என்று கேட்டேன். டிபன் டப்பாவையும் அகராதியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விற்காத பிரதிகளைத் திரும்ப வாங்குகிறார்களாம், கடிதப் பக்கத்தை மாற்றி வேறு அச்சடிக்க. உடனே ரசிகச் சிங்கங்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? விழாவில் வாங்கியதை உறையில் போட்டுப் பூட்டுகிறார்கள். "தடை செய்யப்பட்ட முதல் அச்சு! அரிய பிரதி!" மேல் விலைக்கு விற்பனை. ஒருவராவது அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பேசினாரா? கோபத்தில் கிழித்துப் போட்டிருந்தால்கூட மதித்திருப்பேன்.

விழாவில் முகமூடியைக் கழற்றிய அந்தப் பையன் மட்டும் ஹெலனுக்குத் தபால் போட்டிருக்கிறான், கண்ணீர் அஞ்சலிப் படத்துக்குச் சிரித்தவர்களில் தானும் ஒருவன் என்று.

ஜூலை 20, வியாழன்

அறிவிப்பு வந்துவிட்டது. "ஆழியன் மீண்டு வருகிறான்!" பக்கத்தை இப்போது வேறு யாரோ பார்க்கிறார்கள். வாக்கியத்தில் இரண்டு பிழை. கீழே ஆயிரம் இதயங்கள்.

ஹெலன் போன் செய்தாள். அச்சில் வந்த பக்கத்தையும் எனக்கு அண்ணாச்சி அனுப்பிய வாட்ஸப்பையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் காட்டியதும் புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்களாம். அதே ஆள்தானாம். இந்த முறை சிரிக்கவில்லையாம்.

"மருதியை வச்சுத் தனியா ஒண்ணு எழுதப் போறேன்" என்றாள். "பேரு மட்டும் வேற வைக்கணும், அது உங்க மொதலாளி சொத்தாம். ஜெனிபா யோசிச்சுக்கிட்டு இருக்கா."

"பிழை திருத்த ஆள் வேணுமா?"

 "எழுதி முடிச்சிட்டுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டாள். சொல்வாளா என்று தெரியவில்லை.

ஜூலை 22, சனி

காலையில் கதவைத் தட்டும் சத்தம். ஒல்லியான ஓர் அம்மாள், கையில் ரெக்சின் பை. வெயிலில் நடந்து வந்து மூச்சு வாங்கியது.

"வடிவுங்கது நீங்களா? நான் அம்பாசமுத்திரத்துலேர்ந்து வாரேன். பகவதி. கோமதிநாயகம் வீட்டுல."

சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். போடட்டும், நானும் போடுவேன் என்று கதவை முழுதாகத் திறந்தேன். தண்ணீர் கேட்டார். குடித்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஊரே ஏதோ சொல்லுது. கடைக்கு ஸ்டேஷன்லேர்ந்து ஆளு வந்துட்டுப் போச்சு. என்னன்னு கேட்டா, மகன் சொல்ல மாட்டேங்கான், மருமக சொல்ல மாட்டேங்கா. அவரு புஸ்தகம் இருக்க ரூமைப் பூட்டிட்டாரு. நீங்க போட்டது என்னன்னு எனக்குக் காட்டுவீயளா?"

என்னிடம் ஒரே பிரதிதான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். விரலை வரி மேல் வைத்து, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். இடையில் நிறுத்தவில்லை. முடித்ததும் மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுக்கா எல்லாரும் மறைச்சாங்க?" என்றார். "எனக்குத் தெரிஞ்ச பேச்சுதான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேக்கேன். இதே வார்த்தைதான், இந்தச் 'சமையல்கட்டுக்காரி' வரைக்கும்."

நான் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"வெளியில இருக்கவங்ககிட்ட மட்டும் தேனாப் பேசுவாரு. நான் எங்க அண்ணன்கிட்ட சொன்னேன். நம்பல. 'அவரா? அந்த மனுசனா?'ன்னான். யாரும் நம்பல. நானே சில சமயம், எங்காதுலதான் கோளாறோன்னு நெனச்சிக்கிடுவேன்." விரலால் அந்தப் பெயரைத் தொட்டார். "பேரு போட்டு, ஊரு போட்டு இருக்கே."

அவர் திருப்பித் தந்த இதழைக் கையில் வைத்தபடியே பேருந்து நிலையம் வரை கூடப் போனேன். அம்பாசமுத்திரம் வண்டி புறப்படத் தயாராக நின்றது, உட்கார இடமும் இருந்தது. அவர் அதைத் தாண்டிப் போய் நாங்குநேரி வண்டிப் பக்கம் நின்றார்.

"அண்ணன் வீடு அங்கதான்" என்றார். ரெக்சின் பை கனமாக இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் குனிந்தார். "அந்தப் புஸ்தகத்துல அந்தத் தாளை மட்டும் கிழிச்சுத் தாறீயளா? அவனுக்குக் காட்டணும். பொம்மை எனக்கு வேண்டாம்."

ஆழியன் இதழின் தாளை நான் ஓரம் மடித்ததுகூட இல்லை. யாராவது மடித்தால் அடிக்கப் போவேன். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிவிட்டார். நடுவில் பிடித்து ஒரே இழுப்பாகக் கிழித்தேன். அதே தாளின் மறுபக்கத்தில் இருந்த ஆழியனின் சாவும் கூடவே வந்துவிட்டது.

"சேந்து வந்துட்டும்மா" என்றேன்.

"இருக்கட்டும்" என்று வாங்கி, எட்டாக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.